வரச் சொல்லிவிட்டேன் அம்மா

என்ட செல்ல அம்மா,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நேரமில்லை என்று சொன்னால் அது பொய். பயம்தான். எழுதத் தொடங்கினால் அந்த நவம்பரைப் பற்றி எழுதவேண்டி வரும். அதை விட்டுவிட்டு மழை, பனி, பிள்ளையின் குறும்பு என்று எழுதினால் அது கடிதமில்லை, உங்களுக்குக் கதைவிடுவது. ஆகவே முதலில் அதையே சொல்லி முடிக்கிறேன்.

தம்பி போன் எடுத்தபோது இங்கே பின்னேரம். சமையலறை மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தேன். செய்முறைப் பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. "அக்கா, அம்மா போயிட்டாக்கா" என்றான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க வாறீங்களா? வாறதென்டா ரெண்டு நாள் வைச்சிருப்பம். எல்லாரும் வைச்சிருக்கத்தான் சொல்றாங்க" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குச் சொல்றன்" என்றேன். பெற்ற தாய் செத்ததற்கு நாளைக்குச் சொல்றன் என்ற பிள்ளையை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா அம்மா?

அடுத்த நாள் சொன்னேன், நான் வரவில்லை, நீங்கள் காரியத்தைப் பாருங்கள் என்று. அதற்குள் உங்களை ஒரு நாள் வைத்திருந்தார்கள். எனக்காக. தம்பி கோபப்படவில்லை. "போனை அம்மாட காதுக்கிட்ட வைக்கிறன், ஏதாவது சொல்லுங்கக்கா" என்றான். வைத்தான். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை தண்ணி கேட்டது. நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. டெலிபோன் கார்ட் முடிந்து தானாகவே கட்டாகிவிட்டது.

இங்கே கேட்டவர்களுக்கெல்லாம் பாதை சரியில்லை, அதுதான் போகவில்லை என்று சொன்னேன். சண்டையில் நாடு இருந்த நிலைக்கு அதை எல்லோரும் நம்பினார்கள். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பாதை எப்படியோ இருந்தது. நான் பரீட்சைக்காகத்தான் வரவில்லை. அந்தப் பரீட்சையிலும் தவறிவிட்டேன்.

இரண்டாம் தரம், அம்மா. முதல் தரம் தவறியபோது போனில் நீங்கள் சிரித்தீர்களே, "மாடென்டா நீ பாஸ் பண்ணியிருப்பாய், அங்க பூனையத் தந்திருப்பானுகள்" என்று. இந்த முறை அப்படிச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. பரீட்சை முடிவு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். பிறகு சோறு வடித்தேன்.

மாட்டு டொக்டர் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு வெட்கம்! ஊரெல்லாம் "மகள் டொக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வீர்கள். பக்கத்து வீட்டு மருமகள் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, "இண்டைக்கு மகளுக்கு லீவு" என்று அனுப்பிவிட்டீர்கள். நான் உள்ளே இருந்து சிரிப்பை அடக்கமுடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கன்று இழுத்துவிட்டுச் சாணியும் இரத்தமுமாக வீட்டுக்கு வந்தால், கிணற்றடியில் தண்ணி அள்ளி ஊற்றுவது நீங்கள்தான். "தாய் தப்பிற்றா?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. கன்றைப் பற்றிப் பிறகுதான் கேட்பீர்கள்.

அப்படி ஆறு வருசம் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவள் இங்கே என்ன செய்கிறேன் என்று உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. "கிளினிக்கில வேலை" என்றேன். நீங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட இருக்கிற ஒரு மிருக கிளினிக்கில் நான் கூடு கழுவுகிறேன். நாய், பூனைகளுக்கு டொக்டர் ஊசி போடும்போது அசையாமல் பிடித்துக்கொள்கிறேன். பிடிக்க மட்டும்தான் எனக்கு உரிமை. இங்கத்தைய பரீட்சை பாஸ் பண்ணும்வரை ஊசியைத் தொடமுடியாது.

முதல் கிழமையே என் மானம் போனது. நம் ஊரில் நாயோடு இங்கிலிசில்தானே கதைப்போம்? நீங்கள்கூட, வேறு ஒரு இங்கிலிஸ் சொல்லும் தெரியாவிட்டாலும், எங்கள் ஜிம்மியிடம் "கம் ஹியர், சிட் டவுன்" என்று வெள்ளைக்காரியாகிவிடுவீர்கள். நானும் அதே நினைப்பில் ஒரு பெரிய கறுப்பு நாயைப் பார்த்து "சிட், சிட்" என்று கத்திக்கொண்டு நின்றேன். அது என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியுமாம்! எனக்கு முன்னால் நாய்கள் பிரெஞ்சு படித்துவிட்டன.

சரி. இனி அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன்.

நீங்கள் போய் இரண்டு மாதம் இருக்கும், ஜனவரி. சனிக்கிழமை என்றால் கிளினிக்கில் கால் வைக்க இடமிருக்காது. பெட்டிக்குள் கத்துகிற பூனை, வாசலில் மூத்திரம் பெய்கிற நாய், அடிக்கொருதரம் அடிக்கிற டெலிபோன். அந்தச் சந்தடிக்குள் மதாம் ஜெர்மேன் என்ற ஒரு வயதான பெண், தன் நாயைப் போர்வையில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தார். கிழட்டு நாய். சிறுநீரகம் போய்விட்டது. தண்ணிகூட இறங்கவில்லை. இங்கே அப்படிப்பட்டதை வதைபட விடமாட்டார்கள். ஊசி போட்டு உறங்க வைத்துவிடுவார்கள். ஊரில் நான் அந்த ஊசியை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் போட்டிருப்பேன். இங்கே அது ஒவ்வொரு நாளும் நடக்கிற வேலை.

டொக்டர் லூசி இளம் பெண், நல்லவர். ஆனால் அன்று காலையிலிருந்து ஒரு நிமிசம் உட்காரவேயில்லை. முன்னங்காலில் நரம்பு தேடினார், கிடைக்கவில்லை. மற்றக் காலில் குத்தினார், அதிலும் கிடைக்கவில்லை. நாய் வீறிட்டது. மதாம் ஜெர்மேன் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னங்காலை நீட்டி, வெளிப்பக்கமாகக் குறுக்கே ஓடுகிற நரம்பைப் பெருவிரலால் அழுத்தி எழுப்பிப் பிடித்தேன். வற்றிப்போன கன்றுகளுக்கு வெயிலில் குந்தியிருந்து சேலைன் ஏற்றிய கை அல்லவா, அது தானாகவே போய்விட்டது. டொக்டர் லூசி என்னைப் பார்த்தார், என் விரலுக்குக் கீழே பார்த்தார், ஊசியை ஏற்றினார். நாய் நிம்மதியாக அடங்கியது.

அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். மதாம் ஜெர்மேன் வெளியே போகும்போது கதவைத் திறந்து பிடித்தேன். அவர் கையில் நாயின் கழுத்துப்பட்டி இருந்தது. நான் எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொன்னேன்: "போயிட்டு வாங்க, மதாம்." பிரெஞ்சில்தான் சொன்னேன். போங்கள் என்று தனியாகச் சொல்ல நம் வாய்க்கு வராதே, அம்மா. தெருமுனைக் கடைக்குப் போகிறவரைக்கூட வரச் சொல்லித்தானே அனுப்புவோம். அந்தப் பழக்கத்தை அப்படியே பிரெஞ்சில் போட்டு வைத்திருந்தேன். தடுப்பூசிக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுச் சந்தோசப்படுவார்கள்.

நாயைச் சாகக் கொடுத்துவிட்டுப் போகிற மனுசியைப் பார்த்து, திரும்பி வாருங்கள் என்றால்? காத்திருந்தவர்கள் அத்தனைபேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் ஜெர்மேன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மேசையில் இருக்கிற ஷந்தால், அங்கே எங்களை மேய்க்கிற பெண், என்னைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினார். திங்கட்கிழமையிலிருந்து முன்பக்கம் வரக்கூடாது, கூடுகளோடு மட்டும் நில் என்றார்.

ஷந்தால் ஏசியதுகூட எனக்குப் பெரிதில்லை. கூடு கழுவும்போதுதான் உறைத்தது. செத்தவீட்டில் யாரும் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதில்லையே. போகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது எனக்கு எப்படி மறந்தது? அது ஒரு செத்தவீடு என்றே எனக்குப் படவில்லை, அம்மா. அவ்வளவு மரத்துப்போயிருந்தேன். உங்களுடைய செத்தவீட்டிலும் நிற்கவில்லை. கண் முன்னால் நடந்ததையும் அடையாளம் காணவில்லை. அந்த ஈரத் தரையில் தரை கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்தபடி, நான் ஒரு மனுசிதானா என்று என்னையே கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்ல? காலையில் எழும்பவே பிடிக்காது. மகளை கார்டெரியில், அதுதான் பிள்ளை பராமரிக்கிற இடத்தில், விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி இருந்தால், இறங்குகிற இடம் தாண்டிப் போயிருக்கும். சிலநாள் வேண்டுமென்றே இறங்காமல் இருந்தேன். அழுகை வந்தால்கூட நல்லது என்று பார்ப்பேன், அதுவும் வராது. புத்தகத்தைத் தொட்டால் அந்தப் பெண்கள் அழுத சத்தம் கேட்கும். அந்தப் பிள்ளை தண்ணி கேட்டது கேட்கும். எதற்காக உங்களை விட்டேனோ அதையே தொடமுடியவில்லை என்றால், பிறகு எதற்கு உங்களை விட்டேன்?

உங்கள் மருமகன் பாவம். ஏசுகிறவராக இருந்தால் நானும் ஏசி ஆறியிருப்பேன். ஒருநாள் பக்கத்தில் வந்து இருந்து, "இஞ்ச பாரும் தேவி, ரெண்டுதரம் எழுதிட்டீர். காணும். உம்மை இப்பிடிப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றார். சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இவருடைய சிநேகிதர் எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். கதிரையில் இருந்து செய்கிற வேலை. மே மாதம் தொடங்கலாம். மூன்றாம் தரம் பரீட்சைக்கு விண்ணப்பம் போகவேண்டிய கடைசி நாளும் மே மாதத் தொடக்கத்தில்தான். நான் தொழிற்சாலைக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பப் படிவத்தைக் கிழித்துப் போடக்கூட எனக்குத் தெம்பில்லை. மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஏப்ரல் கடைசி. பனி உருகித் தெருவெல்லாம் ஒரே சேறு. நான் பின்பக்கம் கூடு உரஞ்சிக்கொண்டிருந்தேன். ஷந்தால் வந்து நின்றார், முகம் சரியில்லை. "அந்த மதாம் வந்திருக்கிறார். உன்னைத்தான் கேட்கிறார்" என்றார். முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று இருவருக்கும் நிச்சயம். கையில் ரப்பர் உறையோடும் நனைந்த ஏப்ரனோடும் போனேன். போகட்டும், எப்படியும் போகப்போகிற வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மதாம் ஜெர்மேன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாயுமில்லை, பூனையுமில்லை. அவர் சொன்னதை எங்கட பேச்சில் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

"நீ வரச் சொன்னாய். வந்திருக்கன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "முதல் மூணு கிழமையும் உன்னில எனக்குச் சரியான ஆத்திரம். இவளுக்கு என்ன விசரா என்டு நினைச்சன். பிறகு யோசிச்சுப் பார்த்தன். எல்லாரும் அட்டை அனுப்பினாங்க, அனுதாபம் சொன்னாங்க, வேற நாய் வாங்கச் சொன்னாங்க. ஒருத்தரும் என்னை வா என்டு சொல்லல்ல. நான் ஆத்துக்கு அங்கால, லவால்ல இருக்கன். இப்ப அங்க மெட்ரோ விட்டிருக்காங்க, இனி ஒருத்தரையும் கார்ல கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சத் தேவையில்ல. முதல் வேலையா ஏறி வந்துட்டன்."

அது எங்கள் ஊர்ப் பழக்கம், பிழையாக வந்துவிட்டது என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் ஆஸ்பத்திரியில ஆக்களுக்கு இரத்தம் எடுத்தவள் நான்" என்றார். "நரம்பைத் தேடுற கையையும் தெரியும், நரம்பு தெரிஞ்ச கையையும் தெரியும். அண்டைக்கு நான் கண்ணை மூடியிருந்தன் என்டு நினைச்சியா? எல்லாம் பார்த்தன். அந்த டொக்டர் தேடினா. நீ தேடல்ல. யார் நீ? ஏன் இதுல கூடு கழுவுறாய்?"

அத்தனை பேருக்கு முன்னால். ஷந்தால் மேசையில், டொக்டர் லூசி அறை வாசலில். நான் ஊரில் மிருக வைத்தியராக இருந்தேன் என்றேன். இங்கே பரீட்சை இரண்டுதரம் எழுதித் தவறிவிட்டேன், இனி எழுதப்போவதில்லை, அடுத்த கிழமை தொழிற்சாலைக்குப் போகிறேன் என்றேன். ஏன் தவறினாய் என்றார். இப்படியா கேட்பார்கள் ஒரு மனுசியை! ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வரவில்லை. முதல் தரம் எனக்கு நாய் பூனை பழக்கமில்லை என்றேன். இரண்டாம் தரம் கை நடுங்கியது, அதற்கு மூன்று நாளைக்கு முன்னால் என் அம்மா செத்துப்போனா, நான் போகவில்லை என்றேன்.

அம்மா, அந்தக் கிளினிக்கில் அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இந்த ஊரிலேயே யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் அனுதாபம் சொல்லவில்லை. "போகாம எழுதினியா?" என்றார். ஓம் என்றேன். "கடைசி நாள் வரைக்கும்?" ஓம், மூன்று நாளும் எழுதினேன் என்றேன்.

"அப்ப உன்னை இன்னும் ஒருத்தரும் சோதிக்கல்ல" என்றார். "அண்டைக்கு அங்க நிண்டது பிணத்துக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டிய ஒரு மகள். டொக்டர் இன்னும் அங்க போகவே இல்ல. அவளை ஒருதரம் அனுப்பிப் பார்."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. நவம்பரில் வரவேண்டிய அழுகை, ஏப்ரலில், ரப்பர் உறை போட்ட கையோடு, ஏழெட்டு நாய்களுக்கு முன்னால் வந்தது. ஒப்பாரி வைக்கிற மாதிரி அழுதேன் அம்மா. வெட்கம் பார்க்கவில்லை. ஒரு நாய் கூடவே ஊளையிட்டது. மதாம் ஜெர்மேன் என் உறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். ஷந்தால் டெலிபோனை எடுக்காமல் அடிக்க விட்டார். அந்தப் பெண் அப்படிச் செய்து நான் கண்டதேயில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினேன். உங்கள் மருமகன் சிநேகிதருக்குப் போன் எடுத்து, "அவ வரமாட்டா, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர் லூசி இப்போது வியாழக்கிழமைகளில் காலை ஒரு மணித்தியாலம் முன்னதாக வருகிறார். மயக்க மருந்துப் பகுதிதான் எனக்குக் கஷ்டம், அதைச் சொல்லித் தருகிறார். அன்று தன் கை தடுமாறியதைப் பற்றி அவராகவே ஒரு நாள் எடுத்துச் சொன்னார். என்னைத் திரும்பவும் முன்பக்கம் விடச் சொன்னதும் அவர்தான். மதாம் ஜெர்மேன் சில புதன்கிழமைகளில் வருகிறார். வேலையில்லாமல் வந்து ஒரு மணித்தியாலம் இருந்து, பயந்த பூனைகளின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார். என்னோடு அதிகம் கதைப்பதில்லை. எத்தனை பக்கம் படித்தாய் என்று மட்டும் கேட்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். இப்போதும் பஸ்ஸில் சிலநாள் இறங்குகிற இடம் தாண்டிவிடுகிறது. மூன்றாம் தரமும் தவறினால் என்ன செய்வேன் என்று நினைத்து நடுச்சாமத்தில் எழும்பிப் புத்தகத்தைத் திறக்கிறேன். மதாம் ஜெர்மேன் சொன்னது உண்மையா, அல்லது எனக்குப் பிடித்தமாதிரி இருப்பதால் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா? நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்று அவர் சொல்லமுடியாதே. அதை யாரிடம் கேட்பது?

நேற்றுப் பரீட்சைத் திகதி வந்தது, அம்மா. தம்பியிடம் கேட்டேன், ஐயரிடம் திதி பார்த்துச் சொன்னான். உங்கள் ஆண்டுத் திவசம் பரீட்சையின் இரண்டாம் நாளில் விழுகிறது. தம்பி, "அக்கா, இந்த முறையாவது..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

இந்த முறையும் நான் வரமாட்டேன் அம்மா.

பாதை சரியில்லை என்று யாருக்கும் சொல்லமாட்டேன். நாளைக்குச் சொல்றன் என்று தம்பியைக் காக்க வைக்கவும் இல்லை. அப்போதே சொல்லிவிட்டேன், நான் பரீட்சைக்குப் போகிறேன், நீ படையல் வை என்று. அன்று காலையில் அந்த அறைக்குள் போகுமுன் உங்களுக்காக அழவேண்டியதை வாசலில் நின்று அழுது முடிப்பேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன். எந்த உயிரை எனக்கு முன்னால் கிடத்தினாலும், என் கை நடுங்காது. இது சத்தியம்.

உங்கள் மூத்தவள்,
தேவி
மொன்றியல்